ஹெலிகாப்டர் வருவதற்கு முன்

கார்கில் போரில் நம் வீரர்கள் 1,300 பேருக்கு மேல் காயம்பட்டார்கள். அவர்களில் பலரை ஹெலிகாப்டர்தான் காப்பாற்றியது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 1999-இல் அந்தப் போர் நடந்த திராஸ் மலைப்பகுதியில் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்த எனக்கு, அது வந்து இறங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. அதற்குள் ஒழுங்காகத் தயார்செய்யாத ஆளை ஏற்றி அனுப்புவதும் ஆபத்துதான்.

திராஸ் இருப்பது 10,000 அடிக்கு மேல். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். ஸ்ரீநகரில் இருக்கும் ராணுவ மருத்துவமனையான 92 பேஸ் ஹாஸ்பிடலுக்குப் போக, சோஜி லா கணவாய்ப் பக்கத்து மலைகளைத் தாண்ட இன்னும் மேலே ஏற வேண்டும். ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உடம்புக்குள் அடைபட்ட காற்று விரியும். குண்டுச்சில் பாய்ந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியவருக்கு இதுவே எமன். தரையில் எப்படியோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தவர் மேலே போனதும் திணறிப்போவார். ஹெலிகாப்டர் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாலும் ஒன்றும் கேட்காது.

பீரங்கிப் படையில் இருந்த திருநெல்வேலிப் பையன் ஒருவன் அப்படித்தான் வந்தான். எதிரியின் ஷெல் பக்கத்தில் விழுந்து வலது விலாவில் சில் ஏறியிருந்தது. உதடெல்லாம் நீலம். டாக்டர் விலா இடுக்கில் கீறி டியூபை நுழைத்ததும் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. வழக்கமாக டியூபின் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விடுவோம். பாட்டில் நெஞ்சுக்குக் கீழே, சாயாமல் நிற்க வேண்டும். சின்னஞ்சிறு சீட்டா ஹெலிகாப்டரில் அதெல்லாம் நடக்காது. ரப்பர் கையுறையின் ஒரு விரலை வெட்டி, நுனியில் ஓட்டை போட்டு, டியூப் முனையில் இறுக்கிக் கட்டினோம். மூச்சை விடும்போது காற்று அதன் வழியே வெளியேறும், இழுக்கும்போது ரப்பர் ஒட்டிக்கொண்டு வெளிக்காற்றை உள்ளே விடாது. அந்த விரல் அசைகிறதா என்று கண்ணால் பார்த்தே டியூப் வேலை செய்வதைத் தெரிந்துகொள்ளலாம்.

"அண்ணே, வீட்டுக்குத் தந்தி கிந்தி அடிச்சிராதீங்க, அம்மா பயந்துரும்" என்றான். சரி என்றேன். அது என் கையில் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

அப்புறம் குளிர். உடம்பு குளிர்ந்துவிட்டால் ரத்தம் சரியாக உறையாது, கசிந்துகொண்டே இருக்கும். அதனால் சலைன் பைகளைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி ஏற்றுவோம். வலி மருந்தான மார்ஃபின் கொடுத்த நேரம், ரத்தத்தை நிறுத்தக் கட்டு இறுக்கிய நேரம் எல்லாம் அட்டையில் எழுதி உடம்போடு கட்டியாக வேண்டும்.

யார் முதலில் போவது என்பதை டாக்டர் முடிவு செய்வார். வலியில் கத்துபவரைவிட, கத்தாமல் கிடப்பவரைத்தான் அவர் முதலில் போய்ப் பார்ப்பார். படுக்கவைத்து அனுப்புவதென்றால் சீட்டாவில் ஒருவருக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. காத்திருக்கும்படி சொல்லப்பட்டவரின் முகத்தைப் பார்ப்பதுதான் அந்த வேலையிலேயே எனக்குக் கஷ்டம்.

விமானிகளைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். மே 28 அன்று தோலோலிங் சிகரத்தின் பக்கம் ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ராணுவ விமானிகளும், விமானப்படையின் குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் போன்றவர்களும் சீட்டாவில் வந்து காயம்பட்டவர்களை ஏற்றிப்போனார்கள். ஆனால் சிகரத்திலிருந்து எங்களிடம் வந்து சேரும் வரைக்கும் ஹெலிகாப்டர் கிடையாது. ராத்திரி இருட்டில், ஷெல் விழும் சரிவில், ஒருவரைத் தூக்கிவர நாலு பேர், ஆறு பேர் மாறி மாறித் தோள்கொடுத்தார்கள். கூட வந்த வீரர்களும் உள்ளூர் சுமைகூலிகளும் அப்படி நடந்த மணிக்கணக்கு எந்த விமானப் பதிவேட்டிலும் ஏறாது. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது.

சீட்டா இறங்கினாலும் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். போர்வையின் முனைகளை முதலிலேயே கட்டிவிட்டு, குனிந்தபடி ஓடி ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். காயம்பட்டவர் போகிற ஸ்ட்ரெச்சரும் போர்வையும் அவரோடே போய்விடும். அதனால் அடுத்த முறை வரும்போது என்ன வேண்டும் என்று விமானி சைகையில் கேட்டால், மருந்துக்கு முன்னால் காலி ஸ்ட்ரெச்சரைத்தான் கேட்போம்.