இருக்கம் தீவில் ஒரு தை மாதம்: நாட்குறிப்பு

ஜனவரி 12, 2025

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காக விடியுமுன்பே சூலூர்ப்பேட்டையிலிருந்து கிளம்பிவிட்டேன். பீமுலவாரிபாளையம் துறையில் சித்தப்பா படகோடு காத்திருந்தார். 1987-இல் தொடங்கிய கணக்கெடுப்பு இது. ஜனவரி வந்தால் ஆசியா முழுக்க ஏரி, கழிமுகம், சதுப்பு என்று ஆட்கள் இறங்கி எண்ணுகிறார்கள். பழவேற்காடு ஏரி நாட்டிலேயே ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, நாங்கள் தமிழ் பேசும் இந்தத் தீவும் அங்கேதான்.

மழைநீர் இன்னும் வடியவில்லை. சேற்றுத் திட்டுகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில். பூநாரைகள் தூரத்தில், கூழைக்கடாக்கள் ஏராளம். நேலப்பட்டில் கூடு கட்டியிருக்கும் கூழைக்கடாக்கள் இரை தேடி வருவது இந்த ஏரிக்குத்தான். வரிசையாகத் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தன. கரையோரப் பறவைகள் மிகவும் குறைவு.

இங்கே பதிவு செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. படகு கொஞ்சம் தெற்கே நகர்ந்தால் தமிழ்நாடு, திருவள்ளூர் மாவட்டம். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் ஒரு பட்டியல் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கினால்தான் அந்தக் கணக்கு பின்னால் யாருக்காவது பயன்படும். அதனால் கைபேசி வரைபடத்தில் எல்லையைத் தாண்டியதும் பழைய பட்டியலை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவேன். சித்தப்பாவுக்கு இது பழகிவிட்டது. "என்னம்மா, பார்டர் தாண்டியாச்சா?" என்று அவரே கேட்பார்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அங்கிருக்கும் நண்பர்கள் காலையிலிருந்து பட்டியல்களை அனுப்பியபடி இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதே பொங்கல்தான், ஆனால் தீவுக்கரையில் நான் எண்ணுவது ஆந்திராவின் கணக்கில் போய்ச் சேரும். பரவாயில்லை. பறவை எங்கே நின்றதோ அங்கேதான் அதன் பதிவும் நிற்க வேண்டும்.

ஜனவரி 19

சூலூர்ப்பேட்டையில் பிளமிங்கோ திருவிழா. பள்ளிப் பிள்ளைகளை ஸ்ரீஹரிகோட்டா சாலைக்குக் கூட்டிப்போய்த் தொலைநோக்கியில் பூநாரைகளைக் காட்டினேன். கூட்டத்தில் சின்னப் பூநாரை ஏதாவது கலந்திருக்கிறதா என்று தேடச் சொன்னேன். பெரிய பூநாரைக்கு அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சின்னதற்கு அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு, தூரத்தில் பார்த்தால் கறுப்பாகவே தெரியும். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு சிறுமி, பறவை தலையைக் கவிழ்த்துத் தின்னும்போது மேல் அலகு கீழே வருகிறது என்று தானாகவே கண்டுபிடித்துச் சொன்னாள்.

ஜனவரி 26

இன்று நடந்ததை விவரமாக எழுதி வைக்க வேண்டும்.

அமாவாசை நெருங்குகிறது. இந்த நாட்களில் கடல் நன்றாக வற்றும். அந்த வற்றம் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து எங்கள் பக்கம் தெரிவதற்கு வெகுநேரமாகும். தீவுக்குத் தெற்கே ஒரு சேற்றுத் திட்டு முதல்முறையாக முதுகைக் காட்டியிருப்பதாகச் சித்தப்பா நேற்றே போன் செய்தார். "உன் உள்ளான் கூட்டம் வந்து இறங்கியிருக்கு. அதுல ஒண்ணு வேற மாதிரி மேயுது."

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமானதாக இருந்தது. வலை கட்டிவிட்டு மணிக்கணக்கில் திட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் "வேற மாதிரி" என்று சொன்னால் அதில் விஷயம் இருக்கும்.

தூரத்திலேயே கழியை ஊன்றிப் படகை நிறுத்திவிட்டோம். முழங்காலளவு தண்ணீர். முக்காலியைச் சேற்றில் அழுத்தி நிறுத்தி ஸ்கோப்பில் பார்த்தேன். பெரும்பாலும் கருவால் மூக்கன்கள் என்னும் நீள அலகுக் கரைப்பறவைகள், ஓரத்தில் சில பட்டைவால் மூக்கன்கள், காலடியில் கொசு உள்ளான்களும் உப்புக்கொத்திகளும். மூக்கன்கள் மேயும் விதம் தெரிந்ததுதான்: நடக்கும், அலகைச் சாய்வாகச் சொருகும், துழாவும், இழுக்கும், மறுபடி நடக்கும். அவற்றின் நடுவில் ஒன்று மட்டும் நடக்கவே இல்லை. நின்ற இடத்தில் உடம்பு மொத்தமும் மேலும் கீழும் போக, அலகை நேர்க்குத்தாக இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது, தையல் மெஷின் ஊசியேதான். கொஞ்சம் தள்ளிப்போய் நின்று மறுபடி அதே வேலை.

மூக்கன்களைவிட ஒரு சுற்றுச் சிறியது. அலகு நீளம், வளைவே இல்லை, அடியிலிருந்து நுனிவரை கறுப்பு. மூக்கன்களுக்கு அலகின் அடிப்பாதி இளஞ்சிவப்பாக இருக்கும். பக்கத்திலேயே நின்றதால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அலகின் நுனி லேசாகத் தடித்திருந்தது. கால் கறுப்பு. மேலே சாம்பல் பழுப்பு, ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் விளிம்பு. விலாவில் மங்கலான பட்டைகள்.

ஏசியன் டவிச்சர். படகில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் அந்தப் பெயரை எழுதினேன். பெயர் முதலில் வந்துவிட்டால் கண் அதற்கு ஏற்றபடி பார்க்கத் தொடங்கிவிடும்.

மங்கோலியா, சைபீரியா, வடகிழக்குச் சீனா ஆகிய இடங்களின் புல்வெளிச் சதுப்புகளில் முட்டையிடும் பறவை. குளிர்காலத்தில் பெரும்பாலானவை சுமத்ரா போன்ற வெப்பமண்டலத் தீவுகளின் சேற்றுக் கரைகளுக்குப் போய்விடும். சுமத்ராவின் தெற்கில் பன்யுவாசின் கரை அவற்றின் முக்கியமான இடம். வங்கக் கடலின் இந்தப் பக்கம் வருபவை மிகச் சில. வலசைப் பாதையில் சீனாவின் லியன்யுன்காங் கடற்கரையில் உலகத்திலுள்ள டவிச்சர்களில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் இறங்குகின்றன. அந்த ஒரு கரைக்கு ஏதாவது நேர்ந்தால் இனத்துக்கே நேர்ந்த மாதிரி. அதனால்தான் எங்கோ ஒரு மூலையில் நிற்கும் ஒற்றைப் பறவையைக்கூட ஒழுங்காக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

கைபேசியை ஸ்கோப்பில் வைத்துப் படம் எடுத்தேன். கானலில் எல்லாம் கலங்கியிருக்கிறது. அலகின் வடிவம் மட்டும் தேறும்.

ஜனவரி 27

இ-பேர்டில் பதிவைச் சரிபார்க்கும் ஒருவர் எழுதியிருந்தார். மரியாதையான, கூர்மையான கேள்வி: "நீள அலகு டவிச்சர் இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்?" அது இந்தியாவுக்கு எப்போதாவது வழிதவறி வருவது. உருவம் இன்னும் சிறியது, கால் பச்சை கலந்த மஞ்சள். கால் நிறமும் மூக்கனோடு ஒப்பிட்ட அளவும் என் குறிப்பில் இருந்தன, அனுப்பினேன். பறக்கும்போது முதுகைப் பார்த்தீர்களா என்று அடுத்த கேள்வி. பார்க்கவில்லை. அது உட்கார்ந்தேதான் இருந்தது. எழுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. அப்படியே எழுதினேன். பதிவு நிலுவையில் இருக்கிறது.

இப்படிக் கேட்பதை அவமானமாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் யாரும் இல்லாத காலத்தில் ஒருவர் இந்தப் பட்டியலை நம்பி ஏதோ முடிவெடுப்பார். அவருக்காக இன்றைக்கே ஒருவர் சந்தேகப்பட்டு வைப்பது நல்லதுதான்.

ஜனவரி 29

தை அமாவாசை. அப்பாவுக்குப் படையல் என்பதால் விடுப்பு எடுத்து நேற்று இரவே ஊருக்கு வந்துவிட்டேன். காலை 6:23-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி எஃப்15 கிளம்பியது. அங்கிருந்து ஏவப்பட்ட 100-ஆவது ராக்கெட். அந்த நேரம் நான் திட்டுக்கு எதிரே படகில் இருந்தேன். முதலில் வெளிச்சம். சத்தம் தண்ணீரைக் கடந்து வந்து சேரக் கொஞ்ச நேரமானது. வந்ததும் கூட்டம் மொத்தமாக எழுந்து, திட்டை இரண்டு சுற்று சுற்றி, எழுந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. விடியல் மங்கலில் என்ன பறந்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

வெயில் ஏறிய பிறகு ஒரு சேற்றுப் பூனைப்பருந்து நாணல் பக்கமிருந்து தாழ்வாக வந்தது. ராக்கெட்டுக்கு உடனே திரும்பிய கூட்டம் இதற்கு வெகுநேரம் இறங்கவில்லை. என் பறவை மூக்கன்களோடு சேர்ந்து எங்கள் படகுக்கு மேலேயே திரும்பியது. இறக்கையின் அடி வெளிறியிருந்தது. முதுகைக் காட்டித் திரும்பியபோது இடுப்பிலும் வாலிலும் சாம்பல் பட்டைகள், முதுகின் மேல் ஏறும் வெள்ளை ஆப்பு கிடையாது. நீள அலகு டவிச்சருக்கு அந்த வெள்ளை ஆப்பு கட்டாயம் இருக்கும். பக்கத்தில் பறந்த கருவால் மூக்கன்களின் வெள்ளை இறக்கைப் பட்டையும் இதற்கு இல்லை.

சித்தப்பாவின் கையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "படையலுக்கு நேரமாகுது" என்றார், ஆனால் அவரும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, குறிப்பை அனுப்பினேன். முதலில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் சித்தப்பாவைக் குறிப்பிட்டேன். ஏரியில் பிழைப்பவர்கள் சொல்லித்தான் நம் பதிவுகளில் பாதி நடக்கிறது. "உள்ளூர் மீனவர் ஒருவர்" என்று அவர்களைக் கடந்துபோவது நியாயமே இல்லை.

பிப்ரவரி 2

இரவு பதிவு உறுதியாகிவிட்டது. காலையில் போன் மேல் போன். எந்தத் திட்டு, எந்தப் பக்கம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கரையில் நின்று ஸ்கோப்பில் பார்க்க வருகிறவர்களுக்கு வழி சொன்னேன். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மோட்டார் படகு வைத்துத் திட்டுக்கு அருகிலேயே போக வேண்டும் என்றார், தெளிவான படம் வேண்டுமாம். படகு தர மாட்டோம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். நானும் பேசினேன். மார்ச், ஏப்ரலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வேண்டிய பறவை. இப்போது தின்பது உடம்பில் கொழுப்பாகச் சேர்ந்தால்தான் போக முடியும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அதிலிருந்துதான் எடுக்கிறோம். அவர் கோபமாகத் திரும்பிப் போனார். அது பற்றி எனக்கு வருத்தமில்லை.

பிப்ரவரி 9

வாடைக்காற்று. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து திட்டை மூடிவிட்டது. டவிச்சர் இல்லை, மூக்கன்களும் இல்லை. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, இருந்த ஆலாக்களையும் கடற்காகங்களையும் எண்ணி முழுப் பட்டியலாகப் போட்டேன். அரிய பறவையைத் தேடிப்போய்க் காணாமல் திரும்புகிறவர்கள் பலர் அன்றைக்குப் பட்டியலே போடுவதில்லை. அது எத்தனை நாள் தங்கியது, எப்போது போனது என்பது இல்லாத நாட்களின் பட்டியலில்தானே தெரியும்?

கருத்துப் பகுதியில் காற்றின் திசையும் திட்டு முங்கியிருந்ததும் எழுதியிருக்கிறேன். பறவை போய்விட்டது என்று எழுதவில்லை. நிற்க இடமில்லாத நாளில் அது இல்லாததை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 15

உலகளவிலான நான்கு நாள் கணக்கெடுப்பு நேற்றுத் தொடங்கியது. திட்டு மறுபடி வெளியே வந்திருக்கிறது, கருவால் மூக்கன்கள் நிறைய. ஒவ்வொன்றாக, அலகின் அடியைப் பார்த்துப் பார்த்துக் கடந்தேன். எல்லாம் இளஞ்சிவப்பு. கொஞ்சம் கோட்டான்கள் புதிதாக வந்திருக்கின்றன, ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவைகள்.

இன்னொரு வேலையும் முடித்தேன். சூலூர்ப்பேட்டைத் தாலுகா 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. என் பழைய நோட்டுகளில் எல்லாம் நெல்லூர் என்றே இருக்கிறது. பின்னால் யாரும் குழம்பக் கூடாது என்று ஒவ்வொரு பக்கத்திலும் தீவின் பெயரையும் திட்டு இருக்கும் திசையையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

மாசி அமாவாசை 27-ஆம் தேதி. அன்றைக்குத் தன் முறை இல்லை, வலை கட்டப் போவதில்லை என்று சித்தப்பா சொல்கிறார். படகு கிடைக்கும்.