பிளீச்சிங் பவுடருக்கு மசியாத இரத்தக் கழிச்சல்

மூன்றாவது பேட்சிலும் இரத்தக் கழிச்சல். நான்கு வாரக் குஞ்சுகளில் ஒன்பது போய்விட்டன. மிச்சத்துக்கு ஆம்ப்ரோலியம் என்ற கழிச்சல் மருந்தைக் கொடுத்து, பழைய மாட்டுக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டு, காலியான கோழிக் கொட்டகைக்குள் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். முந்தைய இரண்டு முறையும் பிளீச்சிங் பவுடரை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றியவன் நான்தானே!

வெள்ளைக் கழிச்சல் வைரஸ் என்றால் பிளீச்சிங்குக்குச் சாகும். இரத்தக் கழிச்சலைத் தருவது ஐமீரியா என்ற ஒட்டுண்ணி. தடித்த ஓட்டுக்குள் கிடக்கும் அதன் ஊசிஸ்ட்டுக்கு, அதாவது முட்டை போன்ற நிலைக்கு, பிளீச்சிங் வெறும் குளியல். ஆய்வகங்களில் ஊசிஸ்ட்டைச் சுத்தம் செய்யவே பிளீச்சிங்கில் இருக்கும் அதே ஹைப்போகுளோரைட்டில் கழுவுவார்கள் என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது, நான் கரைத்த கிலோக் கணக்கு கண்முன் வந்து போனது. அம்மோனியா ஊசிஸ்ட்டைக் கொல்லுமாம். ஆனால் பிளீச்சிங் ஊறிய தரையில் அம்மோனியாவை ஊற்றினால் கிளம்பும் நச்சுப்புகை முதலில் என்னைத்தான் கொல்லும். மிஞ்சியது நெருப்பு.

5 கிலோ கேஸ் சிலிண்டரில் மாட்டித் தீயைப் பீய்ச்சும் பிளேம் கன் வாங்கினேன். முதல் நாள் அரை மணியில் வேலை முடிந்தது. தரை கறுத்துப் பளபளத்தது. சந்தேகப்பட்டு மூலையில் உளியால் கீறினேன். எச்சம் மேலே அப்பளமாகக் கருகியிருந்தது, உள்ளே ஈரம் அப்படியே இருந்தது.

ஆகவே மறுபடி சுரண்டல். கொத்தனார் கரண்டி சுவரும் தரையும் சேரும் இடுக்கில் நுழைவதே இல்லை. பெயின்டர்கள் பட்டி பார்க்கும் தகடுதான் சரியான ஆயுதம். இரண்டு அங்குல அகலம் போதும். சோப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு நாள் காயவிட்டேன். காயாத சிமெண்டில் தீ பட்டால் சில்லு தெறிக்கும்; என் முழங்காலில் அதற்குத் தழும்பு இருக்கிறது. இப்போது பிளேம் கன்னை ஒரு சாண் நகர்த்தப் பத்து எண்ணுகிறேன். உட்காரும் மூங்கில்களைக் கழற்றி வெளியே வைத்துக் கொதிநீர் ஊற்றினேன்.

தீவனத் தட்டுக்கும் தண்ணீர்க் குவளைக்கும் இன்னும் பிளீச்சிங்தான். கழுவிய பிறகு, பத்து லிட்டருக்கு முப்பது கிராம் சொச்சம், பத்து நிமிடம் ஊறல், பிறகு நல்ல தண்ணீரில் அலசல். அழுக்கோடு ஊற்றினால் குளோரினை அழுக்கே தின்றுவிடும். நான் வாங்கிக்கொண்டிருந்த கடையில் திறந்த சாக்கிலிருந்து அள்ளித் தருவார்கள். முகர்ந்தால் சுண்ணாம்பு வாசனைதான் வரும். புதுப் பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும் குளோரின் வெயிலிலும் ஈரத்திலும் பறந்துவிடுகிறது. இனி சீல் வைத்த பாக்கெட் மட்டுமே.

அடுத்து, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கம்பிவலைத் தளம். எச்சம் கீழே விழுந்துவிட்டால் குஞ்சு அதைக் கொத்தாது. வலைக்கு அரை அங்குலக் கண் போதுமா, கால் சிக்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒழுகும் குவளைகளையும் மாற்ற வேண்டும். ஊசிஸ்ட் நோய் தரும் நிலைக்கு முற்ற ஈரம்தான் துணை.

வடக்கு மூலையில் நான்கு அடி இன்னும் பாக்கி. சிலிண்டர் தீர்ந்துவிட்டது.