கை மாத்திக்கவா, சார்?

"என் கை வேற, உன் கை வேற." என் ஜூனியர் டாக்டருக்கு இந்தப் பதிலைச் சொன்ன அன்று எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. இப்போது அவ்வளவு உறுதி இல்லை.

நோயாளி, ஓசூர் ரோட்டில் பைக்கோடு விழுந்த ஒரு பையன். அவனுக்குச் சென்ட்ரல் லைன் போட வேண்டும், அதாவது பெரிய சிரை ஒன்றின் வழியே இதயத்துக்கு அருகே வரை போகும் குழாய். கழுத்தில் காலர் மாட்டியிருந்தது, தலையைத் திருப்ப முடியாது. இடுப்பெலும்பு உடைந்திருந்ததால் தொடை வழியும் வேண்டாம் என்று விட்டோம். இடது மார்பில் ஏற்கெனவே ட்யூப் போட்டிருந்தார்கள். அப்படியிருந்தால் சென்ட்ரல் லைனும் அதே பக்கம் போடுவதுதான் வழக்கம். ஊசி தவறி நுரையீரலில் பட்டாலும் காற்று வெளியேற ட்யூப் இருக்கிறது, நன்றாக இருக்கும் வலது நுரையீரலைப் பணயம் வைக்க வேண்டாம். ஆக, இடது சப்க்ளேவியன், அதாவது இடது காறையெலும்புக்கு அடியில் ஓடும் சிரை.

வலது கைக்காரர்களுக்கு வலது பக்கம் ஒரு தொந்தரவும் இல்லை. கட்டிலைப் பார்த்து நின்றால் நோயாளியின் தலை நமக்கு இடப்பக்கம் இருக்கும். இடது ஆள்காட்டி விரலை மார்பெலும்புக்கு மேலே உள்ள குழியில் வைத்துக்கொண்டு, வலது கையில் இருக்கும் ஊசியைக் காறையெலும்புக்கு அடியில் தட்டையாக, அந்த விரலை நோக்கித் தள்ளலாம். இடது பக்கம் போனால் எல்லாம் தலைகீழ். விரல் வைக்கிற கையும் ஊசி பிடிக்கிற கையும் ஒன்றையொன்று குறுக்கே தாண்டும். மணிக்கட்டு மடங்கும், ஊசியின் பின்பக்கம் தூக்கும், முனை நுரையீரலைப் பார்த்து இறங்கும். இதற்கு வழி இரண்டு. ஊசியை இடது கைக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் நோயாளியின் இடுப்புப் பக்கமாக இறங்கி, அவர் தலையைப் பார்த்து நிற்கலாம். அப்போது அந்தக் குழி நம் இடப்பக்க முன்னால் வந்துவிடும், வலது கையே போதும்.

போடப் போனது நாகர்கோவில் பெண், என் ஜூனியர். அந்த ஐசியூவில் என்னோடு தமிழில் பேசுகிற ஒரே ஆள்.

"சார், கை மாத்திக்கவா?"

"வேண்டாம்மா. கீழ இறங்கி நில்லு."

இறங்கினாள். அங்கே மார்பு ட்யூபின் பாட்டில் இருந்தது, நர்ஸ் அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். கருஞ்சிவப்பு ரத்தம் வந்தது, குழாய்க்கு வழிகாட்டும் கம்பியான கைடுவயர் தடங்கல் இல்லாமல் போனது. இடது சப்க்ளேவியனில் இது ஒரு சௌகரியம், வலது பக்கம் போலச் சட்டென்று மடங்காமல் வளைந்து இறங்குகிற பாதை. எக்ஸ்ரேவிலும் குழாயின் நுனி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எல்லாம் சரி.

க்ளவுஸைக் கழற்றும்போதுதான் கேட்டாள். "நீங்க இந்தப் பக்கம் கை மாத்தித்தானே சார் போடுவீங்க?"

அதற்குத்தான் அந்தப் பதில். சரி சார் என்று சொல்லிவிட்டு நோட்ஸ் எழுதப் போய்விட்டாள்.

நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊசியைக் குத்துவதல்ல கஷ்டம். சிரிஞ்சைப் பிடித்தபடி அதே கையின் விரலால் பிஸ்டனை இழுத்துக்கொண்டே முன்னேற வேண்டும். ரத்தம் வந்த பிறகு சிரிஞ்சைக் கழற்றும்போது ஊசி இம்மியும் அசையக் கூடாது. பழகாத கை அங்கேதான் நழுவும். தமனியில் பட்டால் கழுத்தில் செய்வது போல அழுத்திப் பிடிக்கவும் முடியாது, காறையெலும்பு குறுக்கே நிற்கும். நிற்கிற இடத்தை மாற்றினாலே தீருகிற விஷயத்துக்கு எதற்குப் புதுக் கை?

ஆனால் என் இடது கை மட்டும் எங்கே பழகியது? நான் படித்த காலத்து ராத்திரி டியூட்டிகளில், யாரும் சம்மதம் கேட்காத நோயாளிகள் மேல். "ரெண்டும் கைதானேடா" என்று சொல்லிவிட்டு எங்கள் சார் டீ குடிக்கப் போய்விடுவார். 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் தன் இடது கைச் சிரை வழியே 65 சென்டிமீட்டர் குழாயைத் தானே தள்ளிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்து போனார். 1956-இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. பழக அவருக்குத் தன் உடம்பு இருந்தது. காறையெலும்புக்கு அடியில் நமக்கு நாமே குத்திப் பழக முடியாது. பொம்மையில் பழகலாம்தான், எங்கள் பொம்மைக்கு வலது தோள் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. இடது கையை ஒரு நாள் பழகித்தான் ஆக வேண்டுமென்றால், ட்யூப் போட்டிருந்த அந்தப் பையனைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. நுரையீரல் பயத்தில் பாதி அங்கே ஏற்கெனவே போய்விட்டது. அவளும் அதை யோசித்துத்தான் கேட்டிருப்பாள். தமனி பயம் அப்படியே இருந்தது என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பதிலும் போதவில்லை. இடுப்புப் பக்கம் டயாலிசிஸ் மெஷின் நிற்கிற நோயாளிக்கு அவள் எங்கே இறங்கி நிற்பாள்?

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பையனின் அம்மா நின்றுகொண்டிருந்தார். இடது கையால் காசு நீட்டினாலே புறங்கையில் அடி வாங்கி வளர்ந்தவன் நான். அந்த அம்மா பார்ப்பாரே என்றுதான் வேண்டாம் என்றேனா? இல்லை என்றே நினைக்கிறேன்.

அவள் இப்போது வேறு பிரிவுக்குப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு வந்த பையன் ஒரு நாள் இடது பக்கம் லைன் போட நின்றான். ஊசி இடது கையில் இருந்தது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே "கீழ இறங்கி நில்லு, வலது கையால போடு" என்றேன்.

"நான் லெஃப்ட் ஹேண்டர் சார்."

அப்படியென்றால் வலது பக்கம் போடும்போதுதான் நீ இறங்கி நிற்க வேண்டும் என்றேன்.

"வலது பக்கம் வலது கையாலயே போட்டுப் பழகிட்டேன் சார். அப்ப யாரும் வேண்டாம்னு சொல்லல."