இடப்பக்கம் வந்த பெருமாள்

கம்போடியாவின் சியாம் ரீப்புக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துப் போவது பல வருடங்களாக என் பிழைப்பு. வேலையில் பாதி தயிர்சாதமும் தலை எண்ணுவதும்தான். மீதிப் பாதி மொழிபெயர்ப்பு. அங்கே அங்கோர் என்ற பழைய தலைநகரின் கோயில்களுக்குள் விளக்கம் சொல்ல உரிமம் வாங்கிய கெமர் கைடு வேண்டும். கெமர் என்றால் அந்த நாட்டு மக்கள், அவர்கள் மொழிக்கும் அதே பெயர். அவர் ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன்.

அதில்தான் ஆரம்பத்தில் கொஞ்சம் மசாலா சேர்த்தேன். "அங்கோர் வாட் கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் 1113-இல் பட்டத்துக்கு வந்தார்" என்று கைடு சொன்னால், "நம்ம பல்லவர் வம்சத்துத் தமிழ் மன்னன்" என்பேன். வாட்ஸ்அப்பில் படித்ததுதான். கைதட்டு விழும், கடைசி நாள் டிப்ஸும் கூடும். ஒருமுறை, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் இரண்டு பேர் சொல்வதையும் கேட்டபடி வந்தார். எல்லோர் முன்னாலும் எதுவும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது மெதுவாக, "தம்பி, அவங்க தாத்தா கட்டின வீட்டுக்கு நாம எதுக்கு பட்டா கேக்கணும்?" என்றார். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்திலிருந்து வளர்ந்தது என்பது உண்மை. எழுத்து கப்பலேறிப் போனதால் ராஜாவும் கூடவே போய்விட்டார் என்று ஆகிவிடாது. சமஸ்கிருதம், சிவன், விஷ்ணு, புத்தர் எல்லாம் கடல் தாண்டிப் போயின. அவற்றை வைத்து என்ன செய்வது என்று அந்த ஊர்க்காரர்கள்தான் முடிவு செய்தார்கள்.

எந்தக் குழுவானாலும் ஒரு கேள்வி தப்பாமல் வரும். "இது சிவன் கோயிலா, பெருமாள் கோயிலா, புத்தர் கோயிலா?" முன்பெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடுவேன். இப்போது, கட்டிய ராஜா யார், யாருக்காகக் கட்டினார் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 802-இல் குலேன் மலைமேல் கெமர் ராஜா இரண்டாம் ஜெயவர்மனுக்கு நடந்த சடங்கில் 'தேவராஜ' வழிபாடு தொடங்கியதாகப் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. பின்னால் வந்த முதலாம் இந்திரவர்மன் ஒரு பெரிய ஏரி வெட்டினார். முன்னோர்களுக்காக 879-இல் ப்ரெஹ் கோ கோயிலை எழுப்பினார். முன்வரிசையில் மூன்று கோபுரம் ஆண்களுக்கு, பின்வரிசையில் மூன்று அவர்கள் மனைவிமார்களுக்கு. 881-இல் பக்கோங் என்ற ஐந்தடுக்குக் கல்மலை. அதன் உச்சியில் வைத்த லிங்கத்தின் பெயர் இந்திரேசுவரன், அதாவது ராஜாவின் பெயரோடு ஈசுவரன். "தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு ராஜராஜேச்சரம்னு பேர் இல்லையா, அது மாதிரி" என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இது வெறும் ஒப்புமைதான் என்று மறக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தா ப்ரோம் கோயிலுக்கு வருபவர்கள் கோபுரத்தைப் பிடித்து நிற்கும் மரவேரைப் படமெடுப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். ஏழாம் ஜெயவர்மன் 1186-இல் தன் தாய்க்காக எழுப்பியது அது. தாயின் சாயலில் பிரஜ்ஞாபாரமிதா என்னும் பௌத்தத் தேவி. ஐந்து வருடம் கழித்துத் தந்தைக்காக ப்ரெஹ் கான் கோயில், அங்கே லோகேசுவரர் என்னும் போதிசத்துவர். தா ப்ரோம் கல்வெட்டில் கோயிலுக்குள் வாழ்ந்தவர்கள் 12,640 பேர், ஆடல் பெண்கள் 615 பேர், படியளந்த கிராமங்கள் 3,140 என்று கணக்கு இருக்கிறது. பேங்கில் வேலை பார்த்தவர்கள் இந்த இடத்தில் மட்டும் போனைக் கீழே வைப்பார்கள்.

அங்கோர் வாட்டில் நடந்ததைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. வெளிச்சுற்று மண்டபத்தின் சிற்பங்களை மேற்கில் நுழைந்து வலது பக்கம் திரும்பித்தான் வரிசையாகப் பார்க்க வேண்டும். அப்படி நடந்தால் சந்நிதி இடக்கைப் பக்கம் வரும். "பெருமாள் கோயில்ல அப்பிரதட்சிணமா?" என்று மாமிகள் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். கோயில் மேற்குப் பார்த்திருப்பதையும் இந்த இடச்சுற்றையும் ஈமச்சடங்கோடு சேர்த்துச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு என்றார் கைடு. அதை அப்படியே மொழிபெயர்த்தது என் தப்பு. ஏழெட்டு, பதினைந்தாகிவிட்டது.

சரி, பிரிந்தே போவோம் என்றேன். அவர்கள் வடக்கே போனார்கள், நாங்கள் தெற்கே. 215 மீட்டருக்கு 187 மீட்டர் மண்டபம், சின்ன நடையில்லை. தெற்குச் சுவரில் ராஜா சபையில் வீற்றிருக்கிறார். பக்கத்து எழுத்தில் அவர் பெயர் சூரியவர்மன் என்று இல்லை, பரமவிஷ்ணுலோகன் என்று இருக்கிறது. இறந்தபின் வழங்கும் பெயர் அது. இந்தக் கோயிலில் பெருமாள் எது வரை, ராஜா எது வரை என்று கோடு போட இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கிழக்கே பாற்கடல் கடையும் சுவர் முன்னால் இரண்டு கோஷ்டியும் எதிரெதிரே சந்தித்தோம். வாசுகியின் இரண்டு முனையையும் பிடித்தவர்கள் போல நின்றோம் என்று அந்த வரலாற்று ஆசிரியை கூட வந்திருந்தால் சொல்லியிருப்பார்.

திரும்பும்போது மேற்கு வாசலில் எட்டுக் கைகளோடு ஆளுயரத்தைத் தாண்டிய விஷ்ணு சிலை. காவித்துணி போர்த்தியிருக்கிறது, ஊதுவத்தி புகைகிறது, கெமர் குடும்பம் ஒன்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. வலச்சுற்றுக் கோஷ்டியின் தலைவியான பாட்டி என் கையைப் பிடித்தார்.

"பெருமாளா, புத்தரா? சரியா கேட்டுச் சொல்லு."

கேட்டேன். "தா ரீச்" என்றார் கைடு. கெமரில் 'தா' என்றால் தாத்தா.

"ராஜத் தாத்தாவாம், பாட்டி." வேறு எதுவும் சேர்க்கவில்லை.

பாட்டி ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.