டெபியனை விர்ச்சுவல்பாக்ஸில் ஏற்றி, வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தது

லினக்ஸ் பழக வேண்டும் என்றால், வன்தட்டைப் பிரித்து விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதையும் போட்டுவிடு என்றுதான் பலரும் சொல்வார்கள். அன்றாட வேலை நடக்கும் மடிக்கணினியில் பார்ட்டிஷனில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, எனக்கு வேண்டியது பயந்து பயந்து பயன்படுத்தும் இன்னொரு இயங்குதளம் அல்ல. தாறுமாறாக நோண்டிக் கெடுத்தாலும் கவலைப்படத் தேவையில்லாத ஒன்று. அதற்கு விர்ச்சுவல் மெஷின்தான் சரி: விண்டோஸுக்குள் ஒரு நிரலாக ஓடும் பொய்க் கணினி. அதை உருவாக்கித் தரும் நிரல்தான் விர்ச்சுவல்பாக்ஸ்.

மடிக்கணினியில் விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். உள்ளே ஏற்ற எடுத்துக்கொண்டது டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்புடன். நிறுவலைத் தொடங்கப் போதுமானதை மட்டும் கொண்ட நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் கோப்பு வடிவம்) சுமார் 650 எம்பிதான். மீதியை நிறுவும்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். மெஷினுக்கு 4 ஜிபி ரேம், இரண்டு கோர், 25 ஜிபி வரை வளரக்கூடிய வட்டு கொடுத்தேன்.

விர்ச்சுவல்பாக்ஸ் 7-இல் ஐஎஸ்ஓவைக் காட்டியதும் அதுவே தானாக நிறுவிக்கொடுக்க முன்வருகிறது. வசதிதான், ஆனால் பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் அதுவே முன்கூட்டி நிரப்பி வைத்திருக்கும். நிறுவலின் ஒவ்வொரு திரையையும் பார்க்க நினைப்பவர்கள் அதைத் தவிர்க்கும் பெட்டியில் டிக் போட்டுவிடுங்கள். டெபியன் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல் கேட்கும் இடத்தை நான் காலியாக விட்டேன். அப்படி விட்டால்தான் நாம் உருவாக்கும் முதல் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகியாகக் கட்டளையிடும் உரிமை, தானாகக் கிடைக்கும்; கடவுச்சொல் கொடுத்தால் அதைப் பிறகு நாமேதான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவி முடித்து டெஸ்க்டாப் வந்தது, ஆனால் மெனுவைத் திறந்தால் யோசித்து யோசித்துத் திறந்தது. விண்டோவின் கீழ் ஓரத்து ஐகான் வரிசையில் ஒரு பச்சை ஆமை உட்கார்ந்திருந்தது. அலங்காரத்துக்கு வைத்தது இல்லை அது. விர்ச்சுவல் மெஷின்களை வேகமாக ஓட்டச் செயலியில் இருக்கும் விடி-எக்ஸ் வசதியை விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாகப் பயன்படுத்த முடியாமல், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அடுக்கான ஹைப்பர்-வி வழியாகச் சுற்றிப் போகிறது என்று அர்த்தம். இண்டெல் 2005-இலும் ஏஎம்டி 2006-இலும் செயலிக்குள்ளேயே கொண்டுவந்த வசதி இது. நேரடியாகக் கிடைத்தால் வேகமே வேறு. விண்டோஸில் மெமரி இன்டெக்ரிட்டி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும் அணைத்து மறுபடி தொடங்கினேன். ஆமை போய் நீல நிற ‘வி’ ஐகான் வந்தது, மெனு சட்டென்று திறந்தது. முதலாவது ஒரு பாதுகாப்பு வசதி, இரண்டாவது இல்லாவிட்டால் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் மைக்ரோசாஃப்டின் வசதி) ஓடாது. அதனால் எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வேகம் போதும் என்றால் ஆமையோடே இருக்கலாம்.

உள்ளிருக்கும் டெபியனை விண்டோஸோடு ஒத்துழைக்க வைக்கும் விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவ, அதைத் தொகுக்கத் தேவையான பில்டு-எசென்ஷியலும் கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) ஹெடர்களும் முதலில் வேண்டும். கெஸ்ட் அடிஷன்ஸைப் போட்ட பிறகுதான் திரை விண்டோவின் அளவுக்கு விரிந்தது, காப்பி-பேஸ்ட் இரண்டு பக்கமும் வேலை செய்தது. விண்டோஸும் டெபியனும் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஃபோல்டரைத் திறக்க நம் பயனரை ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ குழுவில் சேர்க்க வேண்டும்.

எல்லாம் ஒழுங்கானதும் மெஷினை அணைத்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன்: பிறகு திரும்பி வரக்கூடிய, அந்த நேரத்து நிலையின் பதிவு. அப்புறம் ஆரம்பித்தது விளையாட்டு. லினக்ஸ் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் கேட்டு நடுங்கும், கோப்புகளை அழிக்கும் அந்த ‘ஆர்எம்’ கட்டளை உண்மையில் என்ன செய்கிறது?

அதற்கு முன்னால் ஷேர்டு ஃபோல்டரைக் கழற்றிவிட்டேன். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கட்டளை மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது வெளியிலிருந்து இணைக்கப்பட்டிருக்கும், இடங்களுக்குள்ளும் நுழையும். ஷேர்டு ஃபோல்டர் இணைந்திருந்தால், விண்டோஸ் பக்கம் இருக்கும் அசல் கோப்புகளும் சேர்ந்து அழியும். விர்ச்சுவல் மெஷின் தனி உலகம் என்பது, நாமே அதில் கதவு வைக்காத வரைக்கும்தான்.

சும்மா மூல அடைவை (எல்லாக் கோப்புகளும் அடங்கிய உச்சி ஃபோல்டர்) அழி என்றால் டெபியன் மறுக்கிறது: இது ஆபத்து, நிஜமாகவே வேண்டும் என்றால் ‘நோ-பிரிசர்வ்-ரூட்’ என்று சேர்த்துக் கொடு என்கிறது. சேர்த்துக் கொடுத்தேன். ‘ப்ராக்’, ‘சிஸ்’ அடைவுகளுக்குள் இருப்பதை அழிக்க அனுமதி இல்லை என்று வரிகள் மளமளவென்று ஓடின. ஓடி நின்றதும், அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் வெறும் பிராம்ப்ட். டெஸ்க்டாப் அப்படியே இருந்தது, மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது! ஏற்கெனவே இயங்கும் நிரல்கள் திறந்து வைத்திருக்கும் கோப்புகள், பெயர் அழிந்தாலும் அவை மூடப்படும் வரை வட்டிலிருந்து போகாது, அதனால்தான். ஆனால் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ என்று தட்டினால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் ‘எக்கோ’ மட்டும் பதில் சொன்னது, ஏனென்றால் அது கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் ஷெல்லுக்குள்ளேயே இருப்பது. அதையும் எல்லாப் பெயர்களையும் குறிக்கும் நட்சத்திரக் குறியையும் வைத்து மூல அடைவில் என்ன மிச்சம் என்று பார்த்தேன்: டெவ், ப்ராக், ரன், சிஸ். நான்குமே வட்டில் இல்லாமல் நினைவகத்தில் இருப்பவை.

மறுதொடக்கம் செய்யும் கட்டளையும் அழிந்துபோனதால் விர்ச்சுவல்பாக்ஸ் மெனுவிலிருந்து ரீசெட் கொடுத்தேன். கருப்புத் திரையில் ‘நார்மல்.மாட்’ கோப்பைக் காணோம் என்று ஒரு வரி, கீழே ‘க்ரப் ரெஸ்க்யூ’ பிராம்ப்ட். இயங்குதளத்தைத் துவக்கிவிடும் நிரல்தான் க்ரப். க்ரப்பின் முதல் துண்டு வட்டின் தொடக்கத்தில், எந்த அடைவுக்குள்ளும் சேராமல் இருப்பதால் அது மட்டும் தப்பியது.

மெஷினை அணைத்து ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினேன். சில நொடிகள்தான் ஆயின. ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு எழுதப்படும் மாற்றமெல்லாம் தனி வட்டுக் கோப்பில் போய்ச் சேரும். திரும்புவது என்றால் அந்தக் கோப்பைத் தூக்கி எறிவது, அவ்வளவே. இதற்கும் விலை உண்டு. ஸ்னாப்ஷாட் கூடக் கூட வன்தட்டு கரையும். வளரும் வட்டு, உள்ளே கோப்புகளை அழித்தாலும் தானாகச் சுருங்காது.

இன்னொன்று: இதை வைத்து, என் மடிக்கணினிக்கு டெபியன் ஒத்துவருமா என்று முடிவு கட்ட முடியாது. உள்ளே இருக்கும் டெபியனுக்கு என் வைஃபை கார்டு இருப்பதே தெரியாது. அதன் கண்ணுக்குத் தெரிவது 10.0.2.15 என்ற முகவரியோடு ஒரு சாதாரண ஈதர்நெட் இணைப்பு மட்டும். கிராபிக்ஸும் அப்படியே. ஒத்துவருமா என்று அறிய லைவ் யூஎஸ்பியில், அதாவது நிறுவாமலே பென்டிரைவிலிருந்து, துவக்கித்தான் பார்க்க வேண்டும். பென்டிரைவ் தயார், முதலில் வைஃபை, அப்புறம் மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பது.