வலது பூஜ்யம், இடது மைனஸ் 4.5

பதினொன்றாம் வகுப்பில் படித்தபோது பள்ளிக்கு வந்த கண் பரிசோதனை முகாமில், வலக் கண்ணை அட்டையால் மறைத்துக்கொண்டு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். சுவரில் வெள்ளையாக ஏதோ தொங்குகிறது என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகையைச் சிரமமின்றிப் படித்து வந்தவன் நான். வலக் கண்ணுக்குப் பவரே இல்லை. இடக் கண்ணுக்கு மைனஸ் 4.5.

இரு கண்களின் ஒளிவிலகல் திறன் 1 டயாப்டரோ (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகு) அதற்கு மேலோ வேறுபட்டால் பொதுவாக அதை அனைசோமெட்ரோபியா என்கிறார்கள். இரண்டு கண்ணும் மங்கலாக இருக்கும் பிள்ளை டிவிக்கு அருகில் போய் உட்காரும், வீட்டில் கவனிப்பார்கள். ஒரு கண் மட்டும் மங்கினாலோ பிள்ளைக்கே தெரியாது. அதற்குள் அந்தக் கண்ணின் பிம்பத்தை ஒதுக்கிவிட மூளை பழகிக்கொண்டால் அது 'சோம்பேறிக் கண்' ஆகிவிடும். பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் கண்ணாடியோடு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்துப் பெருமளவு மீட்கலாம். பிளஸ் பவர் வேறுபாட்டில் இந்த ஆபத்து அதிகம், ஏனெனில் கூடுதல் பவருள்ள கண்ணுக்கு எந்தத் தொலைவிலும் தெளிவான பிம்பம் கிடைப்பதில்லை. என் இடக் கண்ணுக்கோ ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் தொலைவில் புத்தகம் தெளிவாகத் தெரியும், அதனால்தான் தப்பித்தது.

கண்ணாடி போட்ட பிறகே தொல்லை தொடங்கியது. இடப்பக்க லென்ஸ் வழியே எல்லாம் சற்றுச் சிறியதாகத் தெரிந்தது. அதைவிட மோசம் மாடிப்படி இறங்குவது. லென்ஸின் மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் கீழே பார்த்தால், அந்த இடம் ஒரு பட்டகம்போல் ஒளியை வளைக்கிறது: மைனஸ் 4.5 லென்ஸ் ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளை 4.5 சென்டிமீட்டர் மேலே தூக்கிக் காட்டும். பவர் இல்லாத வலப்பக்கக் கண்ணாடியோ இருந்த இடத்திலேயே காட்டும். மேல்கீழ் விலகலை இணைத்துக்கொள்ளும் திறன் கண்களுக்கு மிகக் குறைவு என்பதால் படி இரண்டாகத் தெரிந்தது. கண்ணைத் தாழ்த்தாமல் தலையையே குனிந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். (பணிவான பையன் என்று உறவினர்கள் பாராட்டினார்கள்.)

கல்லூரிக் காலத்தில் இடக் கண்ணுக்கு மட்டும் கான்டாக்ட் லென்ஸ் போட்டதும் இரண்டு தொல்லைகளும் ஏறக்குறைய மறைந்தன. அது கண்மணியோடு சேர்ந்தே நகர்வதால் பார்வை எப்போதும் லென்ஸின் மையத்தை ஒட்டியே செல்கிறது.

இப்போது எனக்கு வயது 47. உடன் படித்தவர்கள் மாத்திரை அட்டையைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு படிக்கும்போது, நான் லென்ஸைக் கழற்றிவிட்டு இடக் கண்ணால் படித்துவிடுகிறேன்.