லித்தியம் டெஸ்ட்: குழாயையும் நேரத்தையும் கேட்காமல் கையை நீட்டாதீர்கள்

பைபோலார் என்ற மனநோய்க்கு லித்தியம் மாத்திரை எடுப்பவரின் ரத்தத்தில் அதன் அளவு 2-க்கு மேல் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) என்று ரிப்போர்ட் வந்தால், அடுத்து போக வேண்டிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. எங்கள் கைக்கு ஒருமுறை அப்படித்தான் வந்தது. ஆனால் ஆளுக்கு நடையில் தள்ளாட்டம் இல்லை, பேச்சு குழறவில்லை, வாந்தி பேதி எதுவும் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்த டியூப்பில் ரத்தம் எடுத்தார்கள்?"

பச்சை மூடி டியூப். ரத்தம் உறையாமல் இருக்க அதன் உள்ளே தடவியிருப்பது லித்தியம் ஹெப்பாரின். உடம்பில் இருந்த லித்தியத்தோடு டியூப்பில் இருந்ததையும் சேர்த்து அளந்து கொடுத்துவிட்டார்கள். டியூப் நிரம்பாமல் கொஞ்சமாக ரத்தம் எடுத்தால் எண் இன்னும் ஏறும். லித்தியம் ஹெப்பாரின் இல்லாத சீரம் டியூப்பில் திரும்ப எடுத்தபோது 0.7. கேட்கப் போனால் "எல்லா டெஸ்டுக்கும் இதில்தான் எடுக்கிறோம்" என்று கவுன்டரில் பதில். அந்த எண்ணை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அதனால் ஊசி குத்தும் முன்பே சொல்லிவிடுங்கள்: லித்தியம் டெஸ்ட், சீரம் டியூப்பில் எடுங்கள். பெரும்பாலும் சிவப்பு அல்லது மஞ்சள் மூடி. மூடி நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் லேபிளையும் படியுங்கள். அதில் "லித்தியம் ஹெப்பாரின்" என்று இருந்தால் கையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த சிக்கல் நேரம். கடைசி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் நடுவே 12 மணி நேரம் இருக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு ரத்தம். இரண்டு வேளை போடுபவர்கள் காலை மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். இதை எழுதிக் கொடுப்பவர்கள் குறைவு. "சாப்பிடாமல் வாங்க" என்று மட்டும் சொல்வார்கள். இந்த டெஸ்டுக்கு அது தேவையே இல்லை. காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும், டோஸைக் குறைப்பார்கள், அடங்கியிருந்த நோய் திரும்ப எழும்பும். டெஸ்டுக்கு அனுப்பும் சீட்டில் கடைசி மாத்திரை போட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதாவிட்டால் நீங்களே எழுதுங்கள்.

ஆரம்பித்ததும், ஒவ்வொரு முறை டோஸ் மாறியதும், 5 முதல் 7 நாள் கழித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் அளவு நிலைக்கு வந்திருக்காது, அலைச்சலும் காசும் வீண். தொடர் சிகிச்சையில் பொதுவாக 0.6 முதல் 0.8 வரை வைப்பார்கள். பித்துநிலை (பைபோலாரில் மனமும் வேகமும் கட்டுக்கடங்காமல் ஏறும் கட்டம்) உச்சத்தில் இருக்கும்போது 1.0 வரை போகலாம், வயதானவர்களுக்குக் குறைவாக. 1.5-ஐத் தாண்டினால் நச்சு.

மருந்துக்கும் நச்சுக்கும் இவ்வளவு குறுகிய இடைவெளி என்பதற்கு மனித உயிர்கள் விலையாகப் போயிருக்கின்றன. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-ல் பித்துநிலைக்கு லித்தியம் வேலை செய்கிறது என்று எழுதினார். முதலில் நன்றாகத் தேறிய அவருடைய நோயாளியே மறு வருடம் லித்தியம் நச்சில் இறந்தார். அதே 1949-ல் அமெரிக்காவில் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைச் சாப்பிட்ட இதய நோயாளிகள் சிலர் இறந்துபோக, அதை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். ரத்தத்தில் அளந்து கொடுக்கும் வழக்கம் வந்த பிறகுதான் இதைப் பாதுகாப்பாகத் தர முடிந்தது. டென்மார்க்கில் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஸ்கௌ 1954-ல் முறையான ஆய்வு வெளியிட்டும், அமெரிக்கா அனுமதிக்க 1970 ஆனது. ஒரு டெஸ்டை ஏனோதானோவென்று எடுப்பவர்கள் மீது இவ்வளவு கோபம் வர இதுதான் காரணம்.

இன்னொரு கண்ணி, வேறு டாக்டர்கள் எழுதும் மருந்து. பல்வலிக்கோ முட்டிவலிக்கோ போனால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எழுதிவிடுவார்கள். இரண்டும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்து அளவை ஏற்றும். வலிக்கு பாராசிட்டமால் கேளுங்கள். பிரஷர் மருந்துகளில் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். அவை வேண்டியிருந்தால் மனநல மருத்துவருக்குத் தெரிந்து, அளவு பார்த்துத்தான் தொடங்க வேண்டும். திடீரென்று உப்பைக் குறைப்பதும் கூடாது. உடம்பில் சோடியம் குறைந்தால் அதைத் தக்கவைக்கப் பார்க்கும் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்ளும். பேதி, வாந்தி, கடும் காய்ச்சல் வந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

கை லேசாக நடுங்குவது பலருக்கும் இருக்கும். காபி டம்ளரைப் பிடிக்க முடியாத அளவு உதறல், தள்ளாட்டம், குழறல், தசை துடிப்பு என்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

ஒருவேளை மாத்திரை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்தோ மென்றோ விழுங்கக் கூடாது. கடையில் வேறு பிராண்டு கொடுத்தால் வாங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். மாற்றினால் அளவை மறுபடி பார்க்க வேண்டும். நிறுத்துவதென்றால் டாக்டர் மேற்பார்வையில் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துப் படிப்படியாகத்தான்.

லித்தியம் தொடங்கும் முன் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான டெஸ்ட்), தைராய்டு, கால்சியம் பார்த்துவிடுவார்கள், அதில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை இவை திரும்ப வரும்போது கால்சியம்தான் அடிக்கடி விட்டுப்போகிறது. சீட்டில் அது இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் அதற்கென்று தனியாக இன்னொரு முறை ஊசி.